மின்னலைக் கதைக்குள் இறக்குவது எப்படி? புதிதாக மிகுபுனைவு எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

மிகுபுனைவு எழுதத் தொடங்குகிறவர்கள் தங்கள் மந்திரவாதிக்கு முதலில் நெருப்பைக் கொடுக்கிறார்கள், அடுத்ததாக மின்னலை. நெருப்பு ஓரளவுக்கு எழுத வந்துவிடுகிறது. அது பற்றும், பரவும், விறகு தீர்ந்தால் அணையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் கதைக்குள்ளும் அந்த ஒழுங்கு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. மின்னல் அப்படி வருவதில்லை. பெரும்பாலான முதல் கைப்பிரதிகளில் அது நீல நிறம் பூசிய நெருப்பாகத்தான் இருக்கிறது. மந்திரவாதி கையை நீட்டுகிறான், நேர்கோட்டில் ஒன்று பாய்கிறது, எதிரி பத்தடி தள்ளிப் போய் விழுகிறான். "மின்னல்" என்ற சொல்லை அடித்துவிட்டுத் "தீக்கோளம்" என்று எழுதினாலும் அந்தக் காட்சியில் எதுவும் மாறாது.

மாற வேண்டும். மின்னலை யாரும் எறிவதில்லை. ஓரிடத்தில் சேர்ந்த மின்னூட்டம் இன்னோர் இடத்துக்குப் போக வழி தேடுகிறது. வழி கிடைத்த கணத்தில் பாய்கிறது. மின்னல் மந்திரத்தை வடிவமைக்க உட்காரும்போது "எவ்வளவு வலிமை?" என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு "எந்த வழியாக?" என்று கேளுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் படி: உண்மையான மின்னலைத் தெரிந்துகொள்ளுங்கள்

மந்திரம்தானே, இயற்பியல் எதற்கு என்று கேட்கலாம். இயற்பியலைத் தாராளமாக மீறுங்கள். ஆனால் எந்த விதியை மீறுகிறோம் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் அந்த மீறலைச் சுற்றி ஒரு உலகத்தைக் கட்டலாம். தெரியாவிட்டால் வாசகர்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

இடிமேகத்துக்குள், பூச்சியத்துக்குக் கீழே 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த பகுதியில், சிறு பனிப்படிகங்களும் அவற்றைவிடக் கனமான மென் ஆலங்கட்டித் துகள்களும் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் மின்னூட்டம் கைமாறுகிறது. இலேசான படிகங்கள் நேர்மின்னூட்டத்தோடு மேகத்தின் உச்சிக்கு ஏறுகின்றன; கனத்த துகள்கள் எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. இது முதல் கட்டம், பிரிதல். இதற்கு நிமிடக்கணக்கில் நேரம் பிடிக்கும்.

இரண்டாவது கட்டம் வழி தேடல். மேகத்திலிருந்து மங்கலான ஒரு கிளை, ஏறத்தாழ 50 மீட்டர் நீளப் படிகளாக, ஒவ்வொரு படிக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி விட்டு, பிரிந்து பிரிந்து கீழே வருகிறது. எங்கே இறங்கப் போகிறது என்பது அப்போது முடிவாகியிருக்காது. அது தரையை நெருங்கும்போது மரம், கோபுரம், மனிதத் தலை என உயர்ந்து நிற்கும் பொருள்களிலிருந்து மேல்நோக்கிச் சிறு பொறிக்கீற்றுகள் எழுகின்றன. அவற்றில் ஒன்று இறங்கிவரும் கிளையைத் தொட்டதும் வழி அமைந்துவிடுகிறது.

பிறகுதான் பாய்தல். நம் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் இந்த மூன்றாவது கட்டத்தில் வருவது. அது தரையிலிருந்து மேல்நோக்கி, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஏறுகிறது. ஓரிரு அங்குலத் தடிமனே உள்ள அந்தப் பாதையில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் ஓடி, காற்றைச் சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு சூடாக்குகிறது. அந்தக் காற்று திடீரென விரிவதுதான் இடி. ஒரே பாதையில் பெரும்பாலும் மூன்று நான்கு முறை பாய்வதால் மின்னல் துடிப்பதாகத் தெரிகிறது.

நான்காவது கட்டத்தைக் கதாசிரியர்கள் அடியோடு மறந்துவிடுகிறார்கள். தரையைத் தொட்ட மின்னோட்டம் அங்கேயே மறைவதில்லை. மண்ணில் எல்லாத் திசையிலும் பரவுகிறது. 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் ஓர் இடிமழையின்போது 323 துருவ மான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. மின்னல் ஒவ்வொன்றையும் தேடி வந்து அடிக்கவில்லை. மண்ணில் பரவிய மின்னோட்டம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கியது. நான்கு கால் விலங்குகளுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தூரம் அதிகம். ஆகவே மின்னழுத்த வேறுபாடும் அதிகம். நடுவில் இருப்பது இதயம். உங்கள் கதையில் குதிரைப்படை வருகிறது என்றால் இந்தப் பத்தியை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள். மின்னல் மந்திரவாதி எந்த வீரனையும் குறிவைக்க வேண்டியதே இல்லை.

இரண்டாம் படி: நான்கில் ஒன்றை மட்டும் கொடுங்கள்

பிரிதல், வழி தேடல், பாய்தல், பரவுதல் ஆகிய நான்கையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டால் அவருக்குச் சிக்கல் வராது. சிக்கல் வராத ஆளை வைத்து இருநூறு பக்கம் எழுத முடியாது. ஒரு கட்டத்தின் மீது மட்டும் அதிகாரம் கொடுங்கள்; மற்றவற்றுக்கு அவர் பிறரையோ வானத்தையோ அண்டி இருக்கட்டும்.

முதல் கட்டத்தின் ஆளைச் சேர்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவரால் மின்னூட்டத்தைப் பிரித்துச் சேர்த்துவைக்க முடியும். ஆற்றல் உண்டு, குறி கிடையாது. சேர்த்தது எந்தப் பக்கம் பாயும் என்பது அவர் கையில் இல்லாததால் கூட்டத்தில் நிற்கப் பயப்படுவார். குழந்தையைத் தூக்கத் தயங்குவார்.

இரண்டாவது, வழி போடுபவர். மின்னூட்டம் இவருடையது அல்ல. மடை திறக்கிறவர் ஆற்றை உண்டாக்குவதில்லை, வாய்க்காலை வெட்டிவைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கிறார். இவர் வேலையும் அதுதான். என் விருப்பத்தைக் கேட்டால், கதைக்கு மிகவும் உதவுகிறவர் இவரே. இவருக்கு நிஜ உலகத்திலும் உறவினர்கள் உண்டு. சிறு ராக்கெட்டின் வாலில் மெல்லிய கம்பியைக் கட்டி மேகத்தை நோக்கி ஏவி, அந்தக் கம்பியின் வழியே மின்னலைக் கீழே வரவழைப்பதை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். 2021 கோடையில் சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் மலையுச்சியில், 124 மீட்டர் உயரத் தொலைத்தொடர்புக் கோபுரத்துக்கு அருகிலிருந்து லேசர் கதிரை வானத்தை நோக்கிச் செலுத்தி, ஒரு மின்னலை ஏறத்தாழ 50 மீட்டர் தூரத்துக்கு அந்தக் கதிரையே பின்பற்ற வைத்தார்கள். மந்திரக்கோல் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும் வாசகருக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

நான்காம் கட்டத்தின் ஆள் ஏற்பவர். வந்ததை வாங்கி மண்ணுக்குள் அனுப்புகிறவர். ஊர்க்காவலுக்கும் கப்பலுக்கும் இவரைத்தான் கூலிக்கு அமர்த்துவார்கள்.

மூன்றாம் கட்டத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். பாய்தல் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துபோகிறது. பாயும் மின்னலை நடுவழியில் வளைத்துத் திருப்பி அனுப்புவதாக எழுதினால் நீங்கள் மறுபடியும் நீல நெருப்புக்கே வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு மேலே போகலாம். உப்பளங்கள் நிறைந்த ஒரு கற்பனைக் கடலோர நாடு. கொற்றி என்றொரு பெண், வழி போடுபவள். அவளால் ஒரு பொறியைக்கூட உண்டாக்க முடியாது. மேகம் மட்டும் வந்துவிட்டால், மின்னல் எந்தத் தூணில் இறங்க வேண்டும் என்பதை அவள் முடிவு செய்வாள். இவ்வளவு சொன்னதுமே கேள்விகள் வரிசை கட்டுகின்றன. வானம் தெளிந்திருக்கும் எட்டு மாதங்களில் அவள் சோற்றுக்கு என்ன செய்வாள்? மேகமில்லாத நாளில் போர் வந்தால் அவளுக்கு ஒரு சேர்ப்பவர் துணை வேண்டும். அந்த ஆள் அவளுக்குப் பிடிக்காதவராக இருந்தால்? கதைக்கரு தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

மூன்றாம் படி: மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு?

மேகத்திலிருந்து வருகிறது என்று வைப்பது எளிது. அப்போது பருவம்தான் கதையின் கடிகாரம். வெனிசுவேலாவில் கட்டடும்போ ஆறு கலக்கும் மராகைபோ ஏரி, உலகிலேயே மின்னல் அடர்த்தி மிகுந்த இடம். இரவில் மலைகளிலிருந்து இறங்கும் காற்றும் ஏரியின் வெதுவெதுப்பான ஈரமும் சந்தித்து அங்கே இடிமேகத்தைத் திரட்டுகின்றன. உங்கள் வரைபடத்தில் அப்படியோர் ஏரியை வரைந்துவிட்டால் அதைக் கைப்பற்ற மூன்று அரசுகளாவது அடித்துக்கொள்ளும். மழையே இல்லாத நாட்டில் கதை நடக்கிறதா? எரிமலைச் சாம்பலிலும் புழுதிப் புயலிலும் துகள்கள் உரசி மின்னூட்டம் பிரியும். பாலைவனத்து மந்திரவாதி மழைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவர் காத்திருப்பது புழுதிக்காக.

உடலுக்குள்ளிருந்து வருகிறது என்றால் அமேசான் ஆற்று மின்விலாங்கைப் பாருங்கள். அதன் மின்னுறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே தருகிறது. ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால் ஓர் இனத்தில் 860 வோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். அதற்காக அந்த மீன் தன் உடல் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கை மின்னுறுப்புகளுக்கே ஒதுக்கிவிட்டு, வயிறு முதலிய எல்லாவற்றையும் தலைக்குப் பின்னால் நெருக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். ஆகவே 860 வோல்ட் வைத்திருப்பவர் காற்றில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்ட முடியாது. தொட வேண்டும், அல்லது இருவரும் தண்ணீரில் நிற்க வேண்டும். புதிய எழுத்தாளர்கள் இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டு முகம் சுளிப்பார்கள். எனக்கென்னவோ, தொட்டால் மட்டுமே கொல்ல முடிந்த ஒரு மந்திரவாதி அரசவையில் கைகுலுக்க வருவதைவிடப் பதற்றமான காட்சி வேறில்லை.

சேமித்து வைப்பது மூன்றாவது வழி. 1740களில் லைடன் குடுவை என்ற கண்ணாடிப் பாத்திரத்தில் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்க ஐரோப்பியர் கற்றுக்கொண்டார்கள். பிரான்ஸில் நோலே என்ற பாதிரியார், அரசர் முன்னிலையில் 180 வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து அந்தக் குடுவையின் மின்னூட்டத்தைச் செலுத்த, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். கைகோத்தவர்கள் எல்லோரும் ஒரே கம்பி ஆகிவிடுவதைக் கதையில் பயன்படுத்தாமல் விட்டால் அது உங்கள் நஷ்டம்.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு மின்னலின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 100 கோடி ஜூல் என்று சொல்வார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது; மின்கட்டணக் கணக்கில் அது சுமார் 280 யூனிட். ஒரு குடும்பம் இரண்டு மாதத்தில் செலவழிக்கக்கூடியதுதான். ஒற்றை மின்னலைப் பிடித்து நகரத்துக்கே ஆண்டு முழுவதும் விளக்கேற்றும் மந்திரவாதியை எழுதும்போது இந்த எண் நினைவில் இருக்கட்டும். மின்னலின் பயங்கரம் அந்த 280 யூனிட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரே இடத்தில் இறங்குவதில் இருக்கிறது.

இனி விலை. புதியவர்கள் வழக்கமாக வைக்கும் விலை களைப்பு. மந்திரத்தைப் பயன்படுத்தினான், மூக்கில் இரத்தம் வந்தது, மயங்கி விழுந்தான், மறுநாள் எழுந்தான். தூங்கினால் திரும்பி வந்துவிடும் ஒன்று விலையே அல்ல. புராணக்காரர்கள் இதில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். இந்திரனின் வஜ்ராயுதம் ததீசி முனிவரின் முதுகெலும்பால் ஆனது. அதைக் கொடுக்க அவர் உயிரை விட வேண்டியிருந்தது. கிரேக்கத்தில் ஜீயஸின் இடியைச் செய்து கொடுத்தவர்கள் அவர் சிறையிலிருந்து மீட்ட ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ்கள். இரண்டு கதைகளிலும் ஆயுதத்துக்குப் பின்னால் இன்னொருவருக்குப் பட்ட கடன் இருக்கிறது.

கொற்றிக்கு நான் வைக்கும் விலை செவி. மின்னல் அருகில் விழும்போது செவிப்பறை கிழிவது உண்மையிலேயே அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு முறை வழி போடும்போதும் அவளுக்குக் கேட்கும் திறன் கொஞ்சம் குறைகிறது. இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். வெளிச்சத்துக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணித்தான் மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவள் கணிக்கிறாள். தொழில் அவளுடைய முக்கியக் கருவியையே தின்றுகொண்டிருக்கிறது. கதையின் பாதியில் எண்ணிச் சொல்ல இன்னொரு ஆளின் காது தேவைப்படும். அந்த ஆளை அவள் நம்பலாமா என்பது தனிக் கேள்வி.

நான்காம் படி: வழிக்கு விதி எழுதுங்கள்

இந்தப் படியை ஒரு பக்கத்துக்கு மேல் இழுக்காதீர்கள். உங்கள் குறிப்பேட்டில் ஐந்தாறு வரி போதும். ஆனால் முதல் அத்தியாயத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். உயரமானது, தனித்து நிற்பது, கூரானது மின்னலை வாங்கும். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, உப்புநீர் நன்றாகக் கடத்தும். கொற்றியை உப்பளத்தில் வைத்தது இதற்காகத்தான்; ஈர உப்பைக் கோடாகக் கொட்டித்தான் அவள் வழி போடுவாள். ஈரமான மரத்தில் மின்னல் பாய்ந்தால் உள்ளேயிருக்கும் சாறு நீராவியாகி மரப்பட்டையைப் பிளந்து எறியும். மரத்தடியில் ஒதுங்கியவன் மீது மரத்திலிருந்து பக்கவாட்டில் தாவும். தலைக்கு மேல் மேகம் இருந்தாக வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. 15 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மேகத்திலிருந்து நீல வானத்தின் கீழ் நிற்பவர் மேல் மின்னல் விழுந்ததுண்டு.

இரும்புக் கவசத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கவசம் அணிந்தவன் மின்னலுக்கு எளிய இரை என்று ஏறத்தாழ எல்லாக் கதைகளும் நம்புகின்றன. 1836இல் மைக்கேல் ஃபாரடே உலோகத்தால் மூடிய ஓர் அறைக்குள் நின்று, வெளியே எவ்வளவு மின்னூட்டம் கொடுத்தாலும் உள்ளே பாதிப்பு இல்லை என்று காட்டினார். இன்றும் உயர் மின்னழுத்தக் கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்தாமலே பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் உலோக இழை சேர்த்து நெய்த உடையைத்தான் அணிகிறார்கள். தலை முதல் கால் வரை இடைவெளியின்றி மூடிய கவசம் மின்னோட்டத்தின் பெரும்பகுதியை வெளிப்புறமாகவே ஓடவைத்து மண்ணில் இறக்கக்கூடும். தலைக்கவசம் மட்டும் அணிந்த ஏழைச் சிப்பாய்க்கு அந்த வாய்ப்பில்லை. முழுக்கவசம் வாங்கப் பணமுள்ள பிரபு பிழைக்கிறான், அவன் ஆட்கள் சாகிறார்கள். இந்த ஒரு விதியை வைத்தே ஒரு கலகத்தை எழுதிவிடலாம்.

ஐந்தாம் படி: அடிபட்டவரை உடனே சாகடிக்காதீர்கள்

மின்னல் தாக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் உயிர் பிழைக்கிறார்கள் என்பது மருத்துவ உலகம் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கதைகளில் இது தலைகீழாக இருக்கிறது. பிழைத்தவர்களுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் எழுத்தாளருக்கு வேலை. கால்கள் சில மணி நேரம் நீலம் பாரித்து அசையாமல் கிடக்கும், பிறகு திரும்பும். வியர்வை படிந்த இடங்களில் அது நீராவியாகித் தோலைச் சுடும். ஈரமான செருப்பு வெடித்துப் பிரியும். சிலர் தோலில் பெரணி இலையை அச்சிட்டதைப் போன்ற சிவந்த கிளைக்கோலம் தோன்றி, ஓரிரு நாளில் மறைந்துவிடும். (பல கதைகளில் இந்தக் கோலம் ஆயுள் முழுவதும் இருக்கும் வடுவாகிவிடுகிறது. மறைந்துவிடும் அடையாளம்தான் எனக்குச் சுவையாகப் படுகிறது: நேற்று மின்னலைத் தொட்டவன் யார் என்பதற்கு நாளை சாட்சி இருக்காது.) ஆண்டுகள் கழிந்தும் மறதி, தூக்கமின்மை, காரணம் புரியாத வலி, சட்டென்று எழும் கோபம். கண்ணில் புரை வரலாம்.

இதயம் நின்று கிடப்பவரைத் தொடக்கூடாது, உடலில் இன்னும் மின்சாரம் இருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. அது பொய், மின்னல் தாக்கிய உடலில் மின்னூட்டம் தங்குவதில்லை, உடனே மார்பை அழுத்தி மூச்சூட்டினால் காப்பாற்ற முடியும். உங்கள் ஊர்மக்கள் அந்தப் பொய்யை நம்பட்டும். மருத்துவச்சி ஒருத்தி மட்டும் நம்பாமல் இருக்கட்டும்.

ஆறாம் படி: சண்டையை மின்னலுக்கு முன்னால் எழுதுங்கள்

மனிதன் ஒன்றைக் கண்டு அசைய ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் மின்னல் வழி தேடி, பாய்ந்து, மண்ணில் பரவி முடிந்திருக்கும். ஆகவே மின்னலிலிருந்து குதித்துத் தப்பும் நாயகன் கிடையாது. அப்படியானால் சண்டையில் என்ன மிச்சம்? அதற்கு முந்திய அரை நிமிடம். மயிர் நிமிர்கிறது. வேல் முனையிலும் பாய்மரத்தின் உச்சியிலும் நீலச்சுடர் ஊதிக்கொண்டு நிற்கிறது. மாலுமிகள் அதைப் புனித எல்மோவின் நெருப்பு என்றார்கள். காற்றில் ஓசோனின் காரமான நெடி. தெரிந்தவர் பாதங்களைச் சேர்த்துக் குந்துகிறார், தெரியாதவர் ஓடுகிறார். முடிவெடுக்கும் நேரம் இதுதான், துரோகம் செய்யும் நேரமும் இதுதான்.

பழக்கத்தில் எழுத வருவது இப்படி இருக்கும்:

"கொற்றி கையை உயர்த்தினாள். வானைப் பிளந்து வந்த மின்னல் தளபதியின் மார்பில் பாய்ந்தது. அவன் அலறியபடி தூக்கி வீசப்பட்டான்."

இதையே வழியை வைத்து எழுதிப் பார்க்கலாம்:

"தளபதியின் ஈட்டி முனையில் நீலப் புள்ளி ஒன்று முணுமுணுத்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை, குதிரை கவனித்தது. கொற்றி கடைசிப் பிடி ஈர உப்பைக் கோட்டின் முனையில் கொட்டிவிட்டுப் பின்வாங்கி, பாதங்களைச் சேர்த்துக் குந்தினாள். 'ஈட்டியைக் கீழே போட்டுவிடுங்கள், ஐயா' என்றாள். உண்மையாகவே சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு எல்லாம் வெள்ளையாக இருந்தது. பார்வை திரும்பியபோது ஈட்டிக்காம்பு நீளவாக்கில் பிளந்து கிடந்தது, குதிரை அசையவில்லை. அவன் மட்டும் உட்கார்ந்த நிலையில், தன் கால்கள் எங்கே என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் அசைவதைத்தான் அவள் பார்த்தாள்."

பாய்தலுக்கு ஒரே ஒரு வாக்கியம் செலவானதைக் கவனியுங்கள். ஓசையிலும் தூரத்தைக் காட்டலாம். அருகில் விழுந்தால் படீரென்று ஒரே அறை. தொலைவில் என்றால் நீண்ட உறுமல், ஏனென்றால் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட பாதையின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒலி வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. பாத்திரத்தின் பக்கத்தில் மின்னலை விழவைத்துவிட்டு "எங்கோ இடி உருண்டது" என்று எழுதிய கைப்பிரதிகள் ஏராளம்.

ஏழாம் படி: ஊர் என்ன செய்கிறது?

மின்னலை இறக்கத் தெரிந்த ஓர் ஆள் இருக்கும் ஊரில் வீடு கட்டும் முறை, வரி, வழிபாடு, வசவு எல்லாம் மாறியிருக்கும். இதற்கு வரலாறு நிறையக் கடன் தரும். பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் வானத்தை 16 பகுதிகளாகப் பிரித்து, மின்னல் எந்தப் பகுதியில் தோன்றியது என்பதை வைத்துக் குறி சொன்னார்கள். அதற்கென்றே நூல்கள் வைத்திருந்தார்கள். உங்கள் மந்திரப் பள்ளிக்குப் பாடத்திட்டம் தயார். ரோமானியர் மின்னல் விழுந்த இடத்தைச் சுற்றி வேலியிட்டு, யாரும் மிதிக்கக்கூடாத புனித நிலமாக்கினார்கள். ஒரு வழி போடுபவர் வேண்டுமென்றே பணக்காரரின் களத்துமேட்டில் மின்னலை இறக்கினால் அந்த நிலம் யாருக்கும் இல்லாமல் போகும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உங்கள் உலகத்து மக்கள் யார் பெயரைச் சொல்வார்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்தப் பெயர் உயிரோடிருக்கும் ஒருவருடையது என்றால் இன்னும் நல்லது.

மனிதர்கள் ஒதுக்கிவைப்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் காவலராக இருந்த ராய் சல்லிவனை 1942க்கும் 1977க்கும் இடையே ஏழு முறை மின்னல் தாக்கியது. ஏழு முறையும் பிழைத்தார். ஆனால் மேகம் கறுத்தால் உடன் நடந்து வரப் பிறர் தயங்கினார்கள். எந்த மந்திரமும் தெரியாத ஒருவருக்கே இந்தக் கதி.

விவசாயிகள் வேறு கணக்குப் போடுவார்கள். மின்னலின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து மழையில் கரைந்து பயிருக்கு உரமாக இறங்குகிறது. போர்க்களத்தில் வெறுக்கப்படும் ஆளை நடவுக் காலத்தில் வண்டி அனுப்பி அழைப்பார்கள்.

பிறகு ஒருநாள் யாரோ இடிதாங்கியைக் கண்டுபிடிப்பார்கள். நம் உலகில் அது 1750களில் நடந்தது; பெஞ்சமின் பிராங்க்ளினின் யோசனையைப் பின்பற்றிச் சோதனை செய்யப்போய், 1753இல் ரிக்மான் என்ற அறிவியலாளர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மின்னல் தாக்கி இறந்தார். ஒரு கம்பியும் கொஞ்சம் பள்ளமும் ஏற்பவரின் வேலையை இலவசமாகச் செய்யத் தொடங்கினால் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலில் இருந்தவர்கள் என்ன ஆவார்கள்? கம்பியைத் திருடுவார்களா, கம்பி விற்கும் கடை வைப்பார்களா?

எட்டாம் படி: எங்கே தொடங்குவது?

முதல் அத்தியாயத்தில் மின்னல் வேண்டாம். மேகமில்லாத ஒரு நாளில் கொற்றியைக் காட்டுங்கள். செம்புக் கம்பியின் இணைப்புகளில் பிடித்த பாசியைச் சுரண்டுகிறாள், உப்புக்கோட்டைக் காற்று கலைத்துவிட்டதைத் திருத்துகிறாள், போன மழைக்காலத்துக் கூலிபாக்கிக்காக உப்பள முதலாளியிடம் வாதாடுகிறாள். அவர் பேசுவது சரியாகக் கேட்காமல் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்கிறாள். வாசகர் உங்கள் விதிகள் எல்லாவற்றையும் இந்த வேலைகள் வழியாகவே தெரிந்துகொள்வார். குருவின் வாயில் விளக்கவுரையை வைக்கத் தேவையிருக்காது.

இரண்டாம் அத்தியாயத்தில் மேகம் வரட்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்னல் அவள் போட்ட வழியை விட்டுவிட்டு, பக்கத்துக் களஞ்சியத்தின் மேல் யாரோ சாய்த்து வைத்திருந்த இரும்பு ஏணியில் இறங்கட்டும். அந்த ஏணியை அங்கே வைத்தது யார் என்பதிலிருந்து மூன்றாம் அத்தியாயத்தை எழுதலாம்.